பழகும் நாளும் வேலை நாளே

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை, அவரே எழுதித் தந்தபடி.)



ஒரு கிராணியைத் தொழிலாளர் கூட்டத்தில் பேச அழைப்பது எல்லாத் தோட்டங்களிலும் நடக்கிற காரியம் அல்ல. உங்கள் பெயருக்கு நேரே புள்ளி போடுகிறவன் நான். மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் எண் குறைந்திருந்தால் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது என் முகம்தான். நான் பணியாளர் சங்கத்தில் உறுப்பினன். நீங்கள் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர்கள். ஆயினும் லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பால்வெட்டுகிற தாய் தகப்பன் போட்ட சோற்றில் வளர்ந்தவன் என்கிற உரிமையோடு இங்கே நிற்கிறேன். அழைத்த கிளைச் செயலாளருக்கு நன்றி.

சங்கதி உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்ற வாரம் அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆற்றோரத்துப் பால்காடு இந்தத் தழை உதிரும் பருவத்தோடு முடிகிறது. மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள். அங்கே வெட்டுகிற 31 பேரும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மேட்டுச் செம்பனைக் காட்டு வேலைக்கு வரவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. மொத்தம் நான்கு வரி. அதைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். அடித்து முடித்து நிர்வாகியின் கையெழுத்துக்கு வைத்த பிறகு, இதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்றே என்று எனக்குத் தோன்றியது. பழைய வேலை எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதியிருந்தது. புதிய வேலை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் எழுதியிருந்தது. புதிய வேலையைக் கற்றுக்கொள்வது எந்த நாளில் என்று எழுதியிருக்கவில்லை. மாதக் கடைசி நாள் மாலைவரை பால்வெட்டுக்காரராக இருப்பவர் மறுநாள் விடிந்ததும் குலைவெட்டுக்காரராக மாறிவிடுவார் என்று அந்தக் காகிதம் நம்புகிறது.

அந்த விட்டுப்போன வரியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் நாம் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று பார்ப்போம். பால்வெட்டு நமக்குச் சம்பளம் கொடுத்தது மட்டும் அல்ல. நம் வீட்டுக்கே நேரம் வகுத்துக் கொடுத்தது. வெயில் ஏறுவதற்கு முன் பால்மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது கோடு போட்டால் பால் தாராளமாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் ஓட்டம் குறையும். ஆகவே மரத்துக்குத் தகுந்த நேரத்தில் மனிதர் எழுந்தோம். நாலரை மணிக்கு என் தாயார் அடுப்பு மூட்டுவார். ஐந்தரைக்குப் பெரட்டு. கண் தெரிகிற வெளிச்சம் வந்ததும் முதல் மரம். 500, 600 மரங்கள் கொண்ட நிரையை வெட்டி முடிக்க ஒன்பது மணியாகிவிடும். பிறகு பால் சொட்டி ஓயும் வரை காத்திருக்க வேண்டும். பசியாறுவது, கத்தி தீட்டுவது, வெற்றிலை போடுவது எல்லாம் அப்போதுதான். பத்தரைக்கு மேல் மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியில் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப ஒன்றரை மணி. அதற்குப் பிறகு அந்தி சாயும் வரை நேரம் நம்முடையது. ஆடு மாடு, கீரைப் பாத்தி, பிள்ளைகளின் பாடம், கோயில் காரியம் எல்லாம் அந்த அரை நாளில்தான் நடந்தன.

அந்தக் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பால் சொட்டுகிற ஒன்றரை மணி நேரத்தில்தான் நாலு நிரைக்காரர்கள் ஒரு மரத்தடியில் கூடினார்கள். யார் வீட்டில் என்ன கஷ்டம், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை, எந்த நிறுவையில் சந்தேகம் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. நம் பெரியவர்கள் பலரும் சங்கம் என்ற சொல்லையே அந்த மரத்தடியில்தான் முதலில் கேட்டார்கள். செம்பனைக் காட்டில் அந்தக் காத்திருப்பு கிடையாது. குலை வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். இதையும் நாம் இழக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

நேரம் மாறினால் என்ன, பழகிக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலர் எளிதாகச் சொல்வார்கள். அவர்களுக்கு என் தகப்பனார் சொன்ன ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1982 ஜனவரி 1ஆம் தேதி மேற்கு மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதற்காகச் செய்த மாற்றம். நல்ல காரியம்தான். ஆனால் சூரியன் தன் நேரத்தில்தான் உதித்தான். எங்கள் தோட்டத்தில் பெரட்டு மணி கடிகாரத்தைப் பார்த்து அடித்தது. மனிதர்கள் அரை மணி முன்னதாக எழுந்து, இருட்டில் போய், மரத்தடியில் வெளிச்சத்துக்காகக் குந்தியிருந்தார்கள். அவசரப்பட்டு இருட்டில் வெட்டியவர்கள் பட்டையில் காயம் போட்டு ஏச்சு வாங்கினார்கள். சில வாரம் கழித்துத்தான் பெரட்டை அரை மணி தள்ளிவைத்தார்களாம். வெறும் அரை மணி மாற்றத்துக்கே அத்தனை பாடு. இப்போது மாறுவது முழு நாளும், முழு உடம்பும்.

செம்பனை வேலை எப்படிப்பட்டது என்பதைப் பழகியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் அலுவலகத்திலிருந்தும், காட்டுக்குப் போய் வந்தும் கண்டதைச் சொல்கிறேன். பால்வெட்டில் நுணுக்கம் விரல் நுனியில் இருக்கிறது. பட்டையை மெல்லச் சீவ வேண்டும். மரத்தின் உயிர்ப் படலத்தைத் தொடக்கூடாது. அரிசி மணியளவு ஆழம் கூடினால் மரம் புண்ணாகிவிடும். 20 ஆண்டு அந்தக் கணக்கில் பழகிய கை நம் தாய்மார்களின் கை. செம்பனையில் நுணுக்கம் கண்ணில் இருக்கிறது. பலம் தோளில் இருக்கிறது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்து மேலே எந்தக் குலை பழுத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். இளமரமாக இருந்தால் உளியால் குத்தி எடுக்கலாம். மரம் உயர்ந்துவிட்டால் நீண்ட அலுமினியக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, முதலில் அடியிலுள்ள ஓலையை இறக்கி, பிறகு குலையின் காம்பை அறுக்க வேண்டும். பத்து, இருபது கிலோ எடையுள்ள குலை முள்ளோடு மேலிருந்து விழும்போது எங்கே நிற்பது, எந்தப் பக்கம் விலகுவது என்பதும் கல்விதான். அதைப் பிழையாகக் கற்றவர் மறுமுறை கற்க இருக்கமாட்டார்.

அத்தோடு முடிந்ததா? இறக்கிய ஓலையை அடுக்க வேண்டும். காம்பைக் குட்டையாக வெட்ட வேண்டும். உதிரிப் பழங்களைக் கூட்டிப் பொறுக்க வேண்டும். குலையைச் சடக்கோரத்துக்குக் கொண்டுவந்து போட வேண்டும். வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகவேண்டும்; நாள் கடந்தால் எண்ணெயின் தரம் கெட்டுப்போகும். ஆகவே லோரியின் நேரம் நம்மைத் துரத்துகிறது. பால்காட்டில் மழை பெய்தால் பட்டை நனைந்து வேலை நின்றுவிடும். செம்பனையில் மழையோடும் வேலை நடக்கிறது. பால்காட்டில் ஒருவர் நிரை ஒருவருக்கு. மெதுவாக வெட்டினாலும் இழப்பு அவரோடு போயிற்று. செம்பனையில் வெட்டுகிறவர் ஒருவர், பொறுக்குகிறவர் ஒருவர். சம்பளம் டன் கணக்கில். ஒருவர் தடுமாறினால் மற்றவர் சம்பளமும் குறைகிறது. பழக்கமில்லாதவரோடு யார் சேருவார்கள்? இங்கேதான் மனிதருக்கு மனிதர் முகம் சுளிப்பு வருகிறது.

சகோதர சகோதரிகளே, புது வேலையைக் கண்டு நாம் பயப்படுகிறவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பால்வெட்டும் ஒரு காலத்தில் புது வேலைதான். 1877இல்தான் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கொத்திச் சிதைக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி கண்டு பரப்பினார். அந்த வேலைக்கு வந்த நம் முன்னோர்கள் சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஆற்காட்டிலும் ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள். அவர்கள் எவரும் தாய்மண்ணில் ஒரு பால்மரத்தைக் கண்டதில்லை. கண்டிராத மரத்தைக் கற்று இந்த நாட்டின் பெருஞ்செல்வத்தை உண்டாக்கினார்கள். ஆனால் அவர்கள் கற்ற காலத்துக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? கடனும் ஏச்சும்தான் அவர்களுக்குக் கிடைத்தன.

செம்பனையும் நேற்று வந்தது அல்ல. கோல சிலாங்கூரில் தென்னமராம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டிலேயே வணிகத்துக்கென்று செம்பனை நட்டார்கள். அந்தப் பயிரிலும் வேலைகள் வந்தன, போயின. முன்பு பூவுக்குப் பூ மகரந்தம் சேர்ப்பதே தனி வேலையாக இருந்தது. மகரந்தத்தைத் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூக்களில் ஊதுவார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை அது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அந்த வண்டு மகரந்தத்தைத் தானே சுமந்தது. மகசூல் பெருகியது, செலவு குறைந்தது, அந்தப் பெண்களின் வேலை மறைந்தது. வண்டு வந்த கதை புத்தகங்களில் இருக்கிறது. தூள் ஊதிய பெண்கள் அதற்குப் பிறகு என்ன வேலைக்குப் போனார்கள், அதைப் பழகிக்கொள்ள எத்தனை நாள் ஆயிற்று என்று யார் எழுதி வைத்தார்கள்? மாற்றத்தின் லாபம் கணக்கில் ஏறுகிறது. மாற்றத்தின் பாடு கணக்கில் ஏறுவதில்லை. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு இருக்கிறது.

இப்போது என்னைப் பற்றியே ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டில், எனக்கு 22 வயதாக இருந்தபோது, வேறொரு தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கேயும் இதே மாற்றம். இதே போன்ற நாலு வரி அறிவிப்பு. 27 ஆண்டு பால்வெட்டிய ஓர் அம்மாள் இருந்தார். கணவரை இழந்தவர். மற்றப் பெண்கள் தத்தம் கணவரோடு ஜோடி சேர்ந்து குலைக்காட்டுக்குப் போனார்கள். இவருக்கு ஜோடி இல்லை. அறிமுகமில்லாத ஓர் இளைஞருக்குப் பின்னால் உதிரி பொறுக்க இவரை விட்டார்கள். அந்த இளைஞருக்கு டன் கணக்கில் சம்பளம். அவரால் காத்திருக்க முடியாது. பாவம், அவரையும் குறை சொல்வதற்கில்லை. இந்த அம்மாள் குனிந்து பொறுக்கிப் பழகியவர் அல்லர். பால்வெட்டில் நின்றும் நடந்தும் செய்த வேலையே அதிகம். ஒரு வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. கையில் முள் குத்திச் சீழ் வைத்தது. மண்டோர் தினமும் என்னிடம் கொடுத்த சீட்டில் அவர் பெயருக்கு நேரே அரை நாள் என்று இருந்தது. நானும் அரை நாள் என்று எழுதினேன். முதல் மாதத்தில் மட்டும் 11 நாள் அப்படி எழுதினேன்.

சம்பளத்தன்று அவர் அலுவலக ஜன்னலுக்கு வந்தார். சண்டை போடவில்லை. "தம்பி, நான் ஒரு நாள்கூட அரை நாள் வேலைக்கு வரவில்லையே. காலையில் எல்லோரோடும்தான் போனேன், எல்லோரோடும்தான் திரும்பினேன். மிச்ச அரை நாள் எங்கே போச்சு?" என்று கேட்டார்.

"மண்டோர் கொடுத்த கணக்குங்க அம்மா. நான் என்ன செய்யட்டும்?" என்றேன்.

அவர் காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மூன்றாம் மாதம் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மகள் இருந்த பட்டணத்துக்குப் போய், ஏதோ தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். 27 ஆண்டு வேலை செய்த தோட்டத்திலிருந்து அவரை யாரும் வேலை நீக்கம் செய்யவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு, கற்றுக்கொடுக்காத ஒரு வேலையைக் கையில் கொடுத்து, கற்றுக்கொள்ளாத குற்றத்துக்குத் தண்டம் பிடித்தார்கள். அவராகவே போய்விட்டார். அந்தத் தண்டத்தை எழுதிய பேனா என்னுடையது.

நான் அவருக்குச் சொன்ன பதில் பொய் அல்ல; மண்டோர் கொடுத்த கணக்குத்தான். ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. இவர் முழு நேரமும் காட்டில் இருந்தாரா இல்லையா என்று கேட்கவில்லை. பழக்கமில்லாத வேலைக்குப் பழகியவரின் அளவை வைத்துப் பார்ப்பது எந்த நியாயம் என்று கேட்கவில்லை. செக்ரோலில் முழு நாளுக்குக் கட்டம் இருக்கிறது. அரை நாளுக்கு, மருத்துவ விடுப்புக்கு, ஆண்டு விடுப்புக்கு, வராத நாளுக்குக் கட்டம் இருக்கிறது. பழகும் நாளுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அந்த நாள் இல்லாமல் போய்விட்டது.

பிற்பாடு எனக்கே ஒரு மாற்றம் வந்தது. செக்ரோல் புத்தகத்தை எடுத்துவிட்டுக் கணினியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது என்ன நடந்தது தெரியுமா? மூன்று நாள் என்னைப் பட்டணத்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பயணச் செலவும் சாப்பாடும் கொடுத்தார்கள். அந்த மூன்று நாளுக்கும் முழுச் சம்பளம். திரும்பி வந்து ஒரு மாதம் தப்புத் தப்பாகத் தட்டினேன். ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவரின் பாலை ஏற்றி, பிறகு அழித்து, இரவு ஏழு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். யாரும் எனக்கு அரை நாள் போடவில்லை. பழக்கம் இல்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று நிர்வாகியே ஆறுதல் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகப் போகச் சரியாகிவிடும். முள்ளிலும் வெயிலிலும் செய்யும் வேலைக்கு மட்டும் முதல் நாளே சரியாகிவிட வேண்டுமா? எனக்குக் கிடைத்தது சலுகை அல்ல, நியாயம். அந்த நியாயம் 31 பேருக்கும் கிடைக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இனி, சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, நாள் கணக்கில் சம்பளம் பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது. எப்படிப்பட்ட வேலை? அவர் திறனுக்கு ஏற்ற வேலை என்று சொல்கிறது. இந்தச் சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 55 வயதான ஒரு தாயாரிடம் கம்பைக் கொடுத்து உயர்ந்த மரத்தில் குலை இறக்கச் சொன்னால், அது அவர் திறனுக்கு ஏற்ற வேலையா என்று கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

அடுத்தது குறைந்தபட்சச் சம்பளம். 2013 ஜனவரியில் மேற்கு மலேசியாவில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கியது. 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாகி, 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் 1,700 வெள்ளி ஆயிற்று. டன் கணக்கில், துண்டுக் கணக்கில் சம்பளம் பெறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். டன் குறைந்தது, ஆகவே சம்பளமும் இந்த வரம்புக்குக் கீழே போகும் என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நாமாக வராமல் போகும் நாள் வேறு விஷயம். வேலை நேரமும் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி என்பதிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. லோரி தாமதமானது நம் குற்றம் அல்ல.

ஆனால் பழகும் காலம் என்று நான் சொல்கிறேனே, அதற்குத் தனியாகச் சட்டத்தில் கட்டம் இல்லை. சட்டம் நின்றுவிடுகிற இடத்தில்தான் சங்கம் நடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நாம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவற்றை நான் எழுதி வந்திருக்கிறேன்.

முதலாவது, மூன்று மாதம் பழகும் காலம். அந்த மூன்று மாதத்துக்கும், ஒவ்வொருவரும் பால்வெட்டில் கடைசி ஆறு மாதத்தில் வாங்கிய சராசரிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். காய்க்குலை வெட்டிவிட்டால் அந்தக் காலத்தில் தண்டம் பிடிக்கக் கூடாது.

இரண்டாவது, கற்றுக்கொடுப்பதற்கு ஆள் வேண்டும். நன்றாகத் தெரிந்த குலைவெட்டுக்காரரைப் பயிற்சிக்கு விட்டு, கற்றுக்கொடுக்கும் நாளில் அவருக்கும் டன் நட்டம் வராமல் சம்பளம் போட வேண்டும். இல்லாவிட்டால் யார் தம் சம்பளத்தை விட்டுவிட்டு மற்றவருக்குக் கற்றுத் தருவார்கள்?

மூன்றாவது, வேலைப் பங்கீடு. வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் கம்பு பிடிக்க விடக்கூடாது. நாற்றுமேடை, உதிரி, நிறுவை, ஆயாக் கொட்டகை என்று எத்தனையோ இருக்கின்றன. ஜோடி இல்லாத பெண்களுக்கு முன்கூட்டியே ஜோடி அமைத்துக் கொடுக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எனக்காக மறக்காமல் கேளுங்கள்.

நான்காவது, பாதுகாப்பு. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, பூட்ஸ் ஆகியவை முதல் நாளே வரவேண்டும். மின்கம்பி போகிற வரிசையில் அலுமினியக் கம்பை உயர்த்தக் கூடாது. அந்த மரங்களை நிர்வாகம் அடையாளம் போட்டு விலக்கி வைக்க வேண்டும். கம்பி மேல் கம்பு பட்டால் அங்கேயே உயிர் போய்விடும். முள் குத்தினாலும் அன்றே மண்டோரிடம் சொல்லி எழுத வையுங்கள். எழுதாத காயத்துக்குப் பெர்கேசோவில் வழக்காடுவது கடினம்.

ஐந்தாவது, நேரம். வேலை முடிய இரண்டரை, மூன்று மணியாகும் என்றால் ஆயாக் கொட்டகையும் அதுவரை திறந்திருக்க வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பூட்டிய வாசலில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

நிர்வாகத்திடம் கேட்பது இவ்வளவு. நம்மிடம் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. மறைக்காமல் சொல்கிறேன்.

கற்றுக்கொள்வதற்கு வெட்கப்படாதீர்கள். இப்போது மேட்டுக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் போய்க் கற்பதா என்று சிலர் கேட்டது என் காதில் விழுந்தது. லொம்போக்கிலிருந்து வந்த ஒருவர், குலை விழும் திசையைக் காம்பின் சாய்வைப் பார்த்தே சொல்கிறார். அவர் தம் ஊரில் வயல் வேலை செய்தவராம். இங்கே வந்துதான் இதைக் கற்றார். நம் பாட்டனாரின் கதையும் அதேதான் அல்லவா? அவரைப் பகைவராக நினைத்தால் லாபம் நமக்கு இல்லை. அவர் சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டால் நாளை நம் சம்பளத்தையும் குறைப்பது எளிதாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். பால்வெட்டுக் காலத்தில் ஒன்றரை மணிக்கு வீடு திரும்பிய மனைவி இனி மூன்று மணிக்கு மேல் திரும்புவார். அடுப்பும் துணியும் அதே இடத்தில்தான் இருக்கும். அந்த ஒன்றரை மணி நேர வேலையை யார் செய்வது? அவர் தூக்கத்திலிருந்துதான் அதை எடுக்க வேண்டும் என்றால், தூக்கம் கெட்டவர் மறுநாள் குலைக்கு அடியில் நிற்கிறார் என்று பொருள். தண்ணீர் பிடித்து வைப்பதும் சோறு வடிப்பதும் ஆண்பிள்ளைக்கு இழுக்கல்ல.

மூன்றாவதாக, புதிதாக வருகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். கம்பு ஆடினால் சிரிப்பவர், தம் கம்பு ஆடிய நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். பால் சொட்டும்போது மரத்தடியில் கூடிப் பேசிய வழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. இனி அந்த நேரம் தானாகக் கிடைக்காது. நாமாக ஒதுக்க வேண்டும். சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் அரை மணி நேரம் கூடுவோம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வாருங்கள்.

இறுதியாக, இன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். செயலாளரும் இரண்டு கமிட்டி உறுப்பினர்களும் புதன்கிழமை நிர்வாகியைக் கண்டு பேசினார்கள். நானும் கூட இருந்தேன். தலைக்கவசமும் கண்ணாடியும் தருவதற்கு ஒப்புக்கொண்டார். ஆயாக் கொட்டகை நேரத்தை மாற்றவும் ஒப்புக்கொண்டார். பழகும் காலம் என்று கேட்டபோது இரண்டு வாரம் என்றார். 20 ஆண்டு, 30 ஆண்டு பழகிய கை இரண்டு வாரத்தில் மாறாது என்று செயலாளர் பணிவாகவும் உறுதியாகவும் சொன்னார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று நிர்வாகி முடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் மேலே கணக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாம் 31 பேரும் ஒன்றாக நின்றால் அவர் மேலே போய்ப் பேசுவதற்கும் பலம் கிடைக்கும். ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தால், அன்று அந்த அம்மாளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்னொரு கிராணி உங்களுக்கும் சொல்வான்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போகும் முன், 31 பேரும் வாசல் மேசையில் வைத்திருக்கும் தாளில் உங்கள் பெயர், வயது, எத்தனை ஆண்டு பால்வெட்டினீர்கள், உடம்பில் என்ன குறை, ஜோடி உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். அந்தத் தாளில் நானே ஒரு கட்டத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பழகும் நாள் என்று அதற்குத் தலைப்பு. நிர்வாகத்தின் செக்ரோலில் அது ஏறும்வரை நம் தாளிலாவது இருக்கட்டும்.